ஒரு டஜன் கண்ணாடி வளையல்

ஒற்றைக் கண்ணாடி வளையலைக் கணினியில் செய்வது பெரிய வித்தை இல்லை. ஒரு டஜனை அடுக்கிக் கையில் போட்டுக் குலுக்கச் சொன்னால்தான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது. திருவண்ணாமலையில் இருந்தபடி விளம்பரப் படங்களுக்கு அனிமேஷன் செய்துகொடுக்கிற எனக்கு, ஆடி நெருங்கினாலே இந்த வேலை தேடி வரும். ஆடிப்பூரத்துக்கு அண்ணாமலையார் கோயிலில் அம்மனுக்கு வளைகாப்பு நடக்கும். அதையொட்டிக் கடைக்காரர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: இருபது விநாடி, வளையல் பளபளன்னு இருக்கணும், சீக்கிரம் வேணும்.

இருபது விநாடி என்றால், விநாடிக்கு 24 ஃப்ரேம் வீதம் 480 படங்கள். ஒரு படத்துக்கு 5 நிமிடம் பிடித்தால் 40 மணி நேரம். ஒரே நிமிடத்தில் முடிந்தால் 8 மணி நேரம்; ராத்திரி ஓடவிட்டுப் படுத்தால் விடியும்போது கையில் இருக்கும். அந்த 5 நிமிடத்தை எப்படி ஒரு நிமிடமாக்குவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நான் பயன்படுத்துவது பிளெண்டர் மென்பொருள், அதன் சைக்கிள்ஸ் ரெண்டர். வேறு மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கும் விஷயம் ஒன்றுதான், பட்டன்களின் பெயர்தான் மாறும்.

கண்ணாடி ஏன் இவ்வளவு நேரத்தைத் தின்கிறது? 1980-ல் டர்னர் விட்டெட் என்கிற ஆய்வாளர், ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து போய்ப் படம் வரையும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். கட்டம் போட்ட தரைக்கு மேலே உருண்டைகள் மிதக்கும் அந்தப் பிரபலமான படம் 640-க்கு 480 புள்ளிதான். அதை வரைய அன்றைய கணினிக்கு 74 நிமிடம் ஆனது. இன்றைய கிராபிக்ஸ் கார்டு செய்வதும் அடிப்படையில் அதே கணக்குத்தான். கதிர் கண்ணாடியைத் தொடுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு பங்கு பிரதிபலித்துத் திரும்பும், ஒரு பங்கு வளைந்து உள்ளே போகும். சுவரில் பட்ட கதிரைச் சில துள்ளலோடு விட்டுவிடலாம், கண்ணாடிக்குள் போன கதிரை அப்படி விட முடியாது. ஆனால் அத்தனை கதிரையும் துரத்தவும் வேண்டியதில்லை. பார்க்கிறவர் கண் எந்த ஒளியைக் கவனிக்கும், எதைக் கவனிக்காது என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது.

அதற்கு நான் போகிற இடம் தேரடி வீதி. கணினியைத் திறப்பதற்கு முன் வளையல் கடையில் நின்று பார்ப்பேன். எனக்குத் தெரிந்த கடைக்கார அக்கா ஒருமுறை பச்சை வளையல் ஒன்றை உருவி எடுத்து, "டியூப்லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாரு தம்பி, ஒட்டு தெரியும்" என்றார். தெரிந்தது. வட்டத்தில் ஒரே ஓர் இடத்தில் கண்ணாடி லேசாகப் புடைத்து, அந்த இடத்தில் மட்டும் ஒளிக்கோடு நெளிந்து ஓடியது. இந்த வளையல்கள் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்து ஃபிரோசாபாத்திலிருந்து வருபவை. உருகிய கண்ணாடியை இழையாக இழுத்து, சுழலும் உருளையில் சுருள் சுருளாகச் சுற்றி, அறுத்து, ஒவ்வொரு வளையத்தின் இரண்டு முனையையும் தீயில் காட்டி ஒட்டுகிறார்கள். அதனால் எந்த வளையலும் கணினி வட்டம்போல முழு வட்டமாக இருக்காது. மாடலில் அந்த ஒட்டைச் சின்னப் புடைப்பாக வைத்து, வளையத்தை அரை மில்லிமீட்டர் கோணலாக்கி, ஒவ்வொரு வளையலையும் வேறு வேறு அளவு திருப்பி அடுக்குங்கள். ரெண்டர் நேரம் ஒரு விநாடிகூட அதிகமாகாது. ஆனால் படத்தைப் பார்த்ததும் 'கம்ப்யூட்டர்ல செஞ்சது' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சாம்பிளை இரட்டிப்பாக்கினாலும் இந்த நிஜம் வராது.

அந்தக் கடையில் கவனித்த இன்னொன்று, வளையலின் மினுக்கு எல்லாமே டியூப்லைட்டின் பிரதிபலிப்பு. வளைந்த கண்ணாடியில் நீள விளக்கு விழுந்தால் மெல்லிய வெள்ளைக் கோடாக ஓடுகிறது. அதனால் புள்ளி விளக்கு வைக்காதீர்கள், நீளமான ஏரியா லைட் வையுங்கள். புள்ளி விளக்கு கண்ணாடியில் பொறிப்பொறியாகத் தெறிக்கும். அந்தப் பொறிகளை அடக்கவே கூடுதல் சாம்பிள் போய்விடும். வெள்ளைப் பின்னணி கேட்டால் கேமராவுக்குத் தெரியாமல் இரண்டு பக்கமும் கறுப்புப் பலகை நிறுத்துங்கள். கண்ணாடியின் உருவத்தைக் காட்டுவதே அதன் கறுத்த ஓரம்தான். பொருள்களைப் படமெடுக்கும் புகைப்படக்காரர்கள் கறுப்பு அட்டை வைத்துச் செய்கிற அதே வேலை இது.

இனி வளையல் அடுக்குக்கு வருவோம். வளையலின் தண்டுக்குள் கதிர் நுழைய ஒன்று, வெளியேற ஒன்று என இரண்டு துள்ளல். பன்னிரண்டு வளையலைச் சாய்வாகப் பார்த்தால் 24. எதிர்ப்பக்கத்து வளைவும் குறுக்கே வந்தால் 48. சைக்கிள்ஸில் ஆரம்பத்திலேயே இருக்கிற வரம்பு மொத்தம் 12, டிரான்ஸ்மிஷனும் 12. வரம்பைத் தாண்டிய கதிர் கறுப்பாகிவிடும். அடுக்கின் நடுவே அட்டக்கரி பூசினாற்போல் திட்டு விழுவது இதனால்தான். 'துள்ளலைக் கூட்டு' என்று எல்லோரும் சொல்வார்கள். கூட்டலாம், நேரமும் கூடும். நான் செய்வது வேறு. ஷேடரில் லைட் பாத் நோடைச் சேர்த்து, டிரான்ஸ்மிஷன் டெப்த் 6-ஐத் தாண்டியதும் கண்ணாடியை விட்டுவிட்டு, அதே வளையலின் அடர்ந்த நிறத்தில் மெல்லிய எமிஷனுக்கு மாறச் செய்கிறேன். கதிர் அங்கேயே முடிந்துவிடும், கறுப்பும் விழாது. மூன்று வளையலுக்குப் பின்னால் உள்ளே என்ன வளைகிறது என்று எந்தக் கண்ணும் கணக்குப் பார்ப்பதில்லை. நிறம் சரியாக இருந்தால் போதும்.

ஒளிவிலகல் எண்ணைப் பற்றி அதிகம் மண்டையைக் குழப்ப வேண்டாம். சாதாரணக் கண்ணாடிக்கு ஏறக்குறைய 1.52, 1.5 என்று விட்டாலும் வித்தியாசம் தெரியாது. கல் பதித்த வளையலுக்கு வைரத்தின் 2.42-ஐப் போட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் கடையில் விற்கிற அந்தக் கல் வைரமில்லை, பின்பக்கம் வெள்ளிப்பூச்சு பூசியது. கல்லுக்கு அடியில் ஒளியைப் பிரதிபலிக்கும் ஒரு முகத்தை வைத்தால் சட்டென்று மின்னும், கதிரும் அடுத்த பக்கம் போகாது.

நிழல்தான் பலரை ஏமாற்றுகிறது. பச்சை வளையலை வெள்ளைத் துணியில் வைத்தால் பச்சை நிழலும் அதற்குள் ஒரு வெளிச்சக் கீற்றும் விழும். காஸ்டிக்ஸ் என்கிற அந்தக் கீற்றை நேர்மையாகக் கணக்கிட விட்டால் ராத்திரி முழுக்க நாய்ஸ்தான் மிஞ்சும். ரிஃப்ளெக்டிவ், ரிஃப்ராக்டிவ் இரண்டு காஸ்டிக்ஸ் டிக்கையும் எடுத்துவிடுகிறேன். எடுத்ததும் நிழல் கறுத்துவிடும். அதற்கு ஈஸ் ஷேடோ ரே வழியாக, நிழல் கதிருக்கு மட்டும் கண்ணாடிக்குப் பதில் பச்சை நிற டிரான்ஸ்பரன்ட் ஷேடரைக் காட்டினால் பச்சை நிழல் விழும். கீற்றுக்கு, நிஜ வளையலை ஜன்னல் வெயிலில் வைத்துப் போனில் எடுத்த படம் போதும். அதையே விளக்கின் முன்னால் மாட்டிவிடுகிறேன். 2022-ல் வந்த பிளெண்டர் 3.2-லிருந்து ஷேடோ காஸ்டிக்ஸ் வசதி இருக்கிறது. ஒற்றை வளையல் அருகாமைக் காட்சிக்கு அருமை. அடுக்குக்கு நான் அதைத் தொடுவதில்லை.

கடை ஷோகேஸ் கண்ணாடிக்கு இவ்வளவும் வேண்டாம். தட்டைக் கண்ணாடி பின்னால் உள்ளதைக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வளைக்காது. டிரான்ஸ்பரன்டையும் கிளாஸியையும் ஃப்ரெனெல் கொண்டு கலந்தால் முடிந்தது.

டீநாய்ஸ் இருக்கிறதே என்று சாம்பிளை அடிமட்டத்துக்கு இறக்கிவிடாதீர்கள். இன்டெலின் டீநாய்சர் 2019-ல் பிளெண்டர் 2.81-இல் வந்தபோது என்னைப்போல் ஒற்றைக் கணினியை நம்பி இருப்பவர்களுக்குப் பெரிய விடுதலை கிடைத்தது, உண்மை. ஆனால் அசையும் படத்தில் வளையலின் ஒளிக்கோடு ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நெளிந்து, தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆகிவிடும். அசையாத பின்னணியை ஒரே ஒரு முறை ரெண்டர் செய்து வைத்துக்கொண்டு, மிச்சமாகும் நேரத்தை வளையல் லேயரின் சாம்பிளுக்குக் கொடுங்கள். பிளெண்டரின் இன்னொரு ரெண்டரான ஈவீயில் செய்தால் இன்னும் வேகம்தானே என்று கேட்பார்கள். ஒரு கண்ணாடிக்கு ஓடும். கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு கண்ணாடி வந்தால் பின்னது மறைந்துபோகும். வளையல் அடுக்குக்கு அது உதவாது.

இந்த ஊரில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயில் காலத்தில் பகலில் ரெண்டர் போட்டால் கார்டு சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ராத்திரிதான் உத்தமம். வீடியோவாக எழுத விடாமல் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனிப் படமாகச் சேமியுங்கள். கரன்ட் போனால் போன ஃப்ரேமிலிருந்து தொடரலாம், வீடியோ ஃபைல் என்றால் மொத்தமும் பாழ். 480-ஐயும் ஓடவிடுவதற்கு முன் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று ஃப்ரேமை மட்டும் எடுத்துக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அவர் வாடிக்கையாளர்கள் பார்க்கப்போவதும் போனில்தான். பச்சை அதிகம், மஞ்சள் குறைச்சல் என்று அவர் சொல்வதை முழு ரெண்டருக்கு முன்பே கேட்டுக்கொள்ளலாம்.