மாணாக்கர்க்கு ஆகார தானம்

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பதை இல்லறத்தார் யாவரும் அறிவோம். துறவியர்க்கு அளிப்பது பாத்திர தானம். துன்புறுவோர்க்கு இரங்கி அளிப்பது கருணா தானம்.

பழனியை அடுத்த ஐவர்மலையில் கி.பி. 870-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர், இயக்கியர் திருவுருவங்களைப் புதுப்பித்து, படையலுக்கும் அடிகள் ஒருவரின் சோற்றுக்கும் 505 காணம் பொன் வைத்தார் என்கிறது அது. ஒருவர்க்கேயாயினும் உணவு இடையறாது கிடைக்க முன்னரே முதல் வைப்பது நம் முன்னோர் முறை.

அம்முறையைக் கருணா தானத்திலும் நாம் கைக்கொள்ளல் வேண்டும். தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் 15.9.2022 அன்று மதுரையில் தொடங்கப்பெற்றது. அது தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியது. சுற்றுச் சிற்றூர்களிலிருந்து வெறும் வயிற்றோடு பேருந்தேறி மதுரைக் கல்லூரிகளுக்கு வரும் மாணாக்கரும் உளர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் மாணாக்கரே மாணாக்கர்க்காக உணவு வங்கி அமைத்தனர். நம் குடும்பங்கள் சில கூடினால் இங்கும் அது இயலும்.

ஒருநாள் விருந்தினும், ஒரு மாணாக்கர்க்கு ஆண்டு முழுதும் அரிசி, பருப்பு, அவல் கிடைக்கச் செய்தல் சிறந்தது. நெடுநாள் வைத்த மாவிலும் பருப்பிலும் சிற்றுயிர்கள் தோன்றும். ஆதலின் சிறிதளவே வாங்கி விரைவில் வழங்குவோம். பெறுவோரிடம் வறுமைக்குச் சான்று கேளோம். அவர் பெயரைப் பலரறியச் சொல்லோம். நாணத்தால் ஒருவர் வாராதொழியின் நம் தானம் பயனின்றிப் போகும்.

பசி தீர்ந்தவர் நூலைக் கையில் எடுப்பார். அங்கே ஆகார தானம் சாத்திர தானத்திற்கும் துணையாகிறது.