கூட்டமும் காட்சியும்

கல்வி பயில ஓர் ஊருக்கு வந்தவர், அவ்வூரின் அரும்பொருள்களைக் காணாமல் திரும்புவது கல்வியில் ஒரு குறையே ஆகும். கொல்கத்தாவில் பயிலும் நம் சங்க நண்பர்கள் இந்திய அருங்காட்சியகத்தையும் தூய பவுல் பேராலயத்தையும் பார்க்கத்தான் செய்கின்றனர். ஆனால் எப்போது? டிசம்பர் மாத இறுதியில், ஞாயிற்றுக்கிழமை நண்பகலில்! திரும்பி வந்து, “மனிதத் தலைகளைத்தான் கண்டோம்” என்கின்றனர். கூட்டத்தைத் தவிர்ப்பது எவ்வாறு, அது யாருடைய கடமை என்னும் இரண்டையும் இங்கு ஆராய்வோம். நான் பயில்வது புள்ளியியல். ஆதலால் சிறிது கணக்கும் வரும். அஞ்ச வேண்டா, பெருக்கலும் வகுத்தலும் போதும்.

1. கூட்டத்தின் கணக்கு

வரிசையைக் கணிதமுறையில் முதன்முதல் ஆராய்ந்தவர் டென்மார்க் நாட்டு ஏர்லாங். கோபன்ஹேகன் நகரத் தொலைபேசி இணைப்புகளைப் பற்றி 1909இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு தனிக்கலையே வளர்ந்தது. அக்கலையின் எளிய விதி ஒன்றை ஜான் லிட்டில் என்பார் 1961இல் நிறுவினார். ஓரிடத்தில் சராசரியாக இருப்போர் தொகை, நிமிடத்துக்கு வருவோர் தொகையை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும் என்பதே அவ்விதி.

எடுத்துக்காட்டாக, அருங்காட்சியகத்துக்கு நிமிடத்துக்குப் பத்துப் பேர் வருவதாகவும், ஒவ்வொருவரும் 90 நிமிடம் தங்குவதாகவும் கொள்வோம். நண்பகலில் உள்ளே 900 பேர் இருப்பர். ஆனால் கதவு திறந்து பத்தாம் நிமிடத்தில் எத்தனை பேர்? நூறு பேரே. வருகை அதே அளவுதான். கூட்டம் இன்னும் சேரவில்லை, அவ்வளவே. திறக்கும் நேரத்தில் செல்க என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

இனிச் சீட்டு வழங்கும் வாயிலைக் காண்போம். அங்குள்ள பணியாளர் நிமிடத்துக்குச் சராசரியாகப் பத்துப் பேருக்குச் சீட்டு வழங்க வல்லவர் எனக் கொள்க. வருகையும் வழங்கும் நேரமும் ஒழுங்கின்றி ஏறியிறங்கினால், பத்திலிருந்து வருவோர் தொகையைக் கழித்து, எஞ்சியதால் ஒன்றை வகுக்க, ஒருவருக்கு ஆகும் சராசரி நேரம் கிடைக்கும். எட்டுப் பேர் வந்தால் அரை நிமிடம். ஒன்பது பேர் வந்தால் ஒரு நிமிடம். 9.5 ஆனால் இரண்டு நிமிடம். 9.9 ஆனாலோ பத்து நிமிடம்! இதைத் திருப்பிப் படியுங்கள். 9.9 என்பது 9.5 ஆகக் குறைந்தால், அதாவது நூற்றுக்கு நான்கு பேர் வேறு நாளுக்குச் சென்றால், எஞ்சியவர் ஒவ்வொருவரும் நிற்கும் நேரம் ஐந்தில் ஒன்றாகிறது. இந்த முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

2. காலம் அறிதல்

வள்ளுவர் காலமறிதலுக்கு ஓர் அதிகாரமும், அதனை அடுத்து இடனறிதலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். அரசனுக்கு அவர் வகுத்த அம்முறை நமக்கும் ஏற்றதே.

அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. புதன், வியாழன் ஆகிய நாள்களின் காலைப் பொழுது நல்லது. குளிர்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் முற்பகலில் அணியணியாக வருவர். மழைக்காலத்தில், நான் கண்டவரை, கூடங்கள் அமைதியாக இருக்கும். குடையுடன் செல்பவருக்கு இந்நகரம் தன் செல்வத்தைத் தனியே காட்டும்.

3. இடன் அறிதல்

1814இல் தொடங்கிய அருங்காட்சியகம் இது. சௌரங்கியில் உள்ள இன்றைய கட்டடம் 1878இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இங்கு வருவோரில் பெரும்பாலார் முதலில் தேடுவது எகிப்தின் பதப்படுத்திய உடலையும், பெருவிலங்குகளின் எலும்புக்கூடுகளையும். ஆதலால் நீங்கள் அவற்றைக் கடைசியாக வைத்துக்கொள்க. கூட்டம் ஒரு பக்கம் செல்லும்போது நீங்கள் மறுபக்கம் செல்க.

முதல் அரைமணியைப் பர்குத் கூடத்துக்குக் கொடுங்கள். கன்னிங்காம் 1873இல் கண்டறிந்த தூபியின் கல்வேலி அங்கு நிற்கிறது, கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. செந்நிறக் கல்லில் புத்தரின் முற்பிறப்புக் கதைகளைச் செதுக்கி, பல காட்சிகளின் அருகே இன்ன கதை என்று பிராமி எழுத்தில் பொறித்துள்ளனர். தமிழ்ப் பிராமியைச் சிறிது பயின்றவர் சில எழுத்துகளை அங்கேயே அடையாளம் காணலாம். ஆனால் அதற்கு அருகில் நிற்க வேண்டும். நின்று பொறுமையாக நோக்க வேண்டும். பின்னால் வருவோர் நெருக்கும்போது எழுத்து கோடாகிவிடும், கதை வெறுங்கல் ஆகிவிடும்.

4. பேராலயம்

தூய பவுல் பேராலயம் 1847இல் அர்ப்பணிக்கப்பட்டது. 1934ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அதன் கூர்ங்கோபுரம் வீழ்ந்தது. இன்றுள்ள கோபுரம் இங்கிலாந்தின் கான்டர்பரி பேராலயக் கோபுரத்தைப் பின்பற்றி எழுந்தது. மேற்குச் சுவரில், அந்தமானில் 1872இல் கொலையுண்ட மேயோ பிரபுவின் நினைவாக, பர்ன்-ஜோன்ஸ் வரைந்த வண்ணக் கண்ணாடிச் சாளரம் உள்ளது. மேற்கு நோக்கிய சாளரம் ஆதலால், கதிரவன் சாயும் பிற்பகலில்தான் அதன் நிறங்கள் உயிர்பெறும். எனவே காலையில் அருங்காட்சியகம், வார நாளின் பிற்பகலில் பேராலயம் என்று வகுத்துக்கொள்க. இரண்டுக்கும் இடைத்தொலைவு நடந்தே செல்லக்கூடியது. திறக்கும் நேரத்தை முன்னரே கேட்டறிவது நலம்.

இங்கு ஒரு வேறுபாடு உண்டு. வழிபாட்டு நேரத்திலும் கிறிஸ்துமஸ் இரவிலும் அங்கு நிறைந்திருப்பது இடையூறான கூட்டம் அன்று, அதுவே ஆலயம். மதுரையில் தேரோட்டத்தன்று, “ஆளில்லாத நேரத்தில் தேரைப் பார்க்கிறேன்” என்று சொல்ல முடியுமா? இழுப்பதற்கு ஆள் இருந்தால்தானே தேர் ஓடும்! வழிபட வருபவர் அந்நேரத்தில் வரட்டும். சாளரத்தைப் பார்க்க வருபவர் வேறு நேரத்தில் வரட்டும்.

5. யாருடைய கடமை?

விடுமுறை நாளில் அருங்காட்சியகத்தில் நிற்போரைச் சிறிது உற்று நோக்குங்கள். மாவட்டங்களிலிருந்து விடியலில் இரயில் ஏறி, பிள்ளைகளைத் தோளில் சுமந்து வந்த உழவரும் தொழிலாளரும் பலர். அவர்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள். அவர்களைக் கண்டு முகம் சுளிக்கும் மாணவரும் நம்மில் உளர். அது தகாது. அருங்காட்சியகம் அறிஞருக்கு மட்டும் எழுப்பிய மாளிகை அன்று. பிராமி எழுத்தை அறியாத தாய் ஒருத்தி, கல்லில் உள்ள யானையைக் குழந்தைக்குக் காட்டுவதும் கல்வியே.

அந்தத் தாய் நாளைத் தேர்ந்தெடுக்க இயலாது. நமக்கோ இரண்டாண்டுக் காலம் இவ்வூரில் வாழ்வு. வகுப்பில்லாத காலைகள் பல. முன்னர்க் கண்ட கணக்கை இப்போது நினைவுகொள்ளுங்கள். நூற்றுக்கு நால்வர் விலகினாலே வரிசை ஐந்தில் ஒன்றாகக் குறையலாம் அன்றோ? அந்த நால்வராக நாம் ஏன் இருத்தல் ஆகாது? புதன்கிழமைக் காலையில் நாம் சென்றால் நமக்குக் கல்லெழுத்து தெளிவாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நாம் செல்லாதிருந்தால் அத்தாயின் கால்கள் சிறிது ஓய்வு பெறும். விடுமுறை நாளை, அன்று மட்டுமே வர இயல்பவருக்கு விட்டுக்கொடுப்போம்.