விளம்பரத் தடுப்பும் கைப்பேசி அங்காடியும்: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து நம் மளிகைக் கடைக்குப் பல ஆண்டுகளாக வரும் மூதாட்டி ஒருவர், ஒரு நாள் மாலை தம் கைப்பேசியைக் கல்லா மேஜைமேல் வைத்து, “பாய், பாட்டுக் கேக்கலாம்னு தொட்டா சூதாட்டப் படமா வருது. இத நிறுத்த ஒரு வழி சொல்லுங்க” என்றார். நாம் கணக்கெழுதும் அவசரத்தில், “அங்காடியில விளம்பரத்தை நிறுத்துற செயலி இருக்கும்மா, பேரனை விட்டுப் போடச் சொல்லுங்க” என்று கூறி அனுப்பிவிட்டோம்.

பேரன் அங்காடியில் தேடி இரண்டொன்றைப் போட்டுப் பார்த்தான். பாட்டுச் செயலியில் வந்த விளம்பரம் நிற்கவில்லை. பிறகு யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டு, அங்காடிக்கு வெளியிலிருந்து “விளம்பரம் நீக்கி” என்ற பெயருள்ள ஒன்றை இறக்கினான். மூன்றாம் நாள் பாட்டியின் வங்கிக் கணக்கிலிருந்த 1,800 வெள்ளி போய்விட்டது.

அந்த அம்மாள் நம்மை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே நமக்குப் பாரமாயிற்று. அறியாததை அறிந்தவர்போல் சொன்ன குற்றம் நம்முடையது. அன்று முதல் விவரமறிந்த பிள்ளைகளிடம் கேட்டும், தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை நம் சங்கத்துச் சகோதரர்கள் முன் பாடமாக வைக்கிறோம்.

1. தடுப்பான் என்பது யாது?

நாம் ஒரு செயலியைத் திறக்கும்போது, அதிலுள்ள பாட்டோ செய்தியோ ஓரிடத்திலிருந்து வருகிறது. விளம்பரம் பெரும்பாலும் வேறோரிடத்திலிருந்து வருகிறது. விளம்பரம் அனுப்பும் முகவரிகளை ஜாபிதாவாக எழுதி வைத்துக்கொண்டு, அங்கிருந்து வருவதை வாசலிலேயே திருப்பி அனுப்புவதே தடுப்பானின் வேலை.

இதில் இருவகை உண்டு. ஒன்று, இணையப் பக்கங்களைப் பார்க்கும் உலாவிக்குள் மட்டும் வேலை செய்வது. மற்றொன்று, கைப்பேசிக்குள் வருகின்ற போகின்ற யாவற்றையும் ஒரே வழியாகத் திருப்பி, எல்லாச் செயலிகளிலும் விளம்பரத்தைத் தடுப்பது. முதல் வகைக்கு அங்காடியில் இடமுண்டு. இரண்டாவது வகையின்மேல்தான் கட்டுப்பாடு கடுமையாக இருக்கிறது. பேரன் தேடியது இரண்டாவது. அவனுக்குக் கிடைத்தது முதலாவது. இந்த வித்தியாசம் அன்று நமக்கும் தெரியாது.

2. கதவு அடைபட்ட வரலாறு

உலகத்தில் பெரும்பாலான கைப்பேசிகளுக்குச் செயலி வருவது இரண்டு அங்காடிகள் வழியாக. ஆப்பிளின் அங்காடியும் கூகுளின் அங்காடியும் 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்டவை. கூகுளின் அங்காடிக்கு 2012இல் பிளே என்று பெயர் மாறிற்று.

2013 மார்ச் மாதம் கூகுள், ஆட்பிளாக் பிளஸ் முதலான விளம்பரத் தடுப்பான்களைத் தன் அங்காடியிலிருந்து அகற்றியது. பிறருடைய சேவையில் குறுக்கிடும் செயலிக்கு இடமில்லை என்ற ஒப்பந்த விதியே அது கூறிய காரணம். 2016 பிப்ரவரியில், சாம்சுங் தன் உலாவியில் தடுப்பான்களை அனுமதித்தபோது, அதற்கென வந்த ஆட்பிளாக் ஃபாஸ்ட் என்ற செயலியையும் கூகுள் நீக்கியது. சில தினங்களில் திரும்பச் சேர்த்துக்கொண்டது. 2022 நவம்பர் 1ஆம் தேதி முதல் நடப்புக்கு வந்த விதியொன்று, விபிஎன் வழியைப் பயன்படுத்தும் செயலிகள் பிற செயலிகளின் விளம்பர வருமானத்தைப் பாதிக்கும்படி விளம்பரத்தில் கைவைக்கலாகாது என்று கூறிற்று.

ஆப்பிள் வேறு வழியில் நடந்தது. 2015 செப்டம்பரில் தன் சஃபாரி உலாவிக்குள் தடுப்பான்களை அதுவே அனுமதித்தது. அவ்வேளையில் மார்கோ ஆர்மென்ட் என்பவர் வெளியிட்ட பீஸ் என்ற தடுப்பான் விற்பனையில் முதலிடம் பிடித்தது. ஆனால் இரண்டே நாளில் அவரே அதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார். விளம்பரத்தால் பிழைக்கும் சிறிய எழுத்தாளர்களுக்கும் அடி விழுகிறதே என்பது அவர் மனத்தை உறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில், பூட்டிய தகவலையும் திறந்து பார்க்கவல்ல சில தடுப்பான்களை ஆப்பிள் நீக்கியது. 2017இல் பிற செயலிகளின் விளம்பரத்தைத் தடுப்பவற்றுக்கும் மறுப்புச் சொல்லிற்று. 2019இல்தான் அந்தப் பிடி சற்றே தளர்ந்தது.

3. நியாயம் யார் பக்கம்?

அங்காடிக்காரர் சொல்வதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். எல்லாத் தகவலையும் தன் வழியாகத் திருப்பும் செயலி, நம் வீட்டுக் கடிதங்கள் முழுவதையும் ஓர் ஆளிடம் கொடுத்துத் தரம் பிரிக்கச் சொல்வதற்குச் சமானம். அவன் யோக்கியனானால் நன்று. இல்லையேல் குடி கெட்டது. அதனைச் சோதிப்பது அங்காடிக்காரரின் கடமையே.

மேலும், இலவசச் செயலியைச் செய்தவனுக்குக் கூலி விளம்பரத்திலிருந்து வருகிறது. அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்யலாகாது என்று மதரஸாவில் ஓதிய நாம், பிறர் உழைப்பை மட்டும் விலையில்லாமல் எடுத்துக்கொள்ளலாமா? பெருநாளுக்கும் தீபாவளிக்கும் நாமே காசு கொடுத்து விளம்பரம் போடுகிறோம் என்பதையும் மறக்கலாகாது.

நிற்க. மறுபக்கத்தையும் பார்ப்போம். ஒரு பெரிய கடைவீட்டு வரிசையை ஒரே முதலாளி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைகளை வாடகைக்கு விடுவது அவர். அஞ்சடிச் சுவரெங்கும் விளம்பரப் பலகை மாட்டிக் காசு பார்ப்பதும் அவரே. வாடகைக்கு இருப்பவர் ஒருவர் பலகையை மறைக்கும் திரைச்சீலை விற்க ஆரம்பிக்கிறார். “இந்தச் சரக்கு என் கட்டடத்தில் விற்கக் கூடாது” என்கிறார் முதலாளி. கட்டடம் அவருடையதுதான். ஆனால் அந்த ஊரிலுள்ளவை இரண்டே கட்டடங்கள் என்றால், அவருடைய விதி ஊருக்கே சட்டமாகிவிடுகிறதல்லவா? கூகுள் நிறுவனத்துக்கு வரும் வருமானத்தில் பெரும்பகுதி விளம்பரத்திலிருந்து வருவது. காவற்காரரே வியாபாரியாகவும் இருக்கும்போது, கதவை அடைப்பது காவலுக்காகவா, இலாபத்துக்காகவா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. சில சமயம் இரண்டுக்காகவும் இருக்கலாம்.

4. வாசலில் நமக்காகப் பேச யார்?

விளம்பரத் தடுப்பான் மட்டுமல்ல, எந்தச் சரக்கானாலும் கதவு இதேதான். 2024 மார்ச் 1ஆம் தேதி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் தன் அங்காடியிலிருந்து எடுத்துவிட்டது. தகராறு கட்டணத்தைப் பற்றியது: செயலிக்குள் நடக்கும் விற்பனையில் 11 முதல் 26 விழுக்காடு வரை கேட்பது நியாயமா என்பது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வரன் தேடும் கடை ஒரே நாளில் தெருவிலிருந்து மறைந்தது போலாயிற்று. இந்திய அரசாங்கம் இரு தரப்பாரையும் கூப்பிட்டுப் பேசிய பின்னரே, சில தினங்களில் அச்செயலிகள் திரும்ப வந்தன. பெரிய நிறுவனத்துக்கே இக்கதி என்றால், தடுப்பான் செய்யும் இரண்டு மூன்று பேருக்கு யார் பேசுவார்?

இதை யோசிக்கையில் நம் மலாக்காவின் பழைய துறைமுகம் நினைவுக்கு வருகிறது. 1512இல் இங்கு வந்த போர்த்துக்கீசியர் தோமே பீரெஸ் எழுதி வைத்த குறிப்புப்படி, சுல்தான் காலத்தில் இத்துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். குஜராத்திகளுக்கு ஒருவர்; சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசை வணிகருக்கு ஒருவர்; ஜாவா முதலிய தீவுகளுக்கு ஒருவர்; சீனம், சம்பா முதலியவற்றுக்கு ஒருவர். வந்திறங்கும் வணிகனுக்கு ஆதிக்கக்காரர் முன் பேசத் தன் கூட்டத்துக்கென ஒரு ஷாபந்தர் இருந்தார். வரியும் உண்டு, காணிக்கையும் உண்டு. ஆனால் முறையிட ஒரு முகமும் உண்டு. இன்றைய கைப்பேசித் துறைமுகத்தில் சிறு வியாபாரிக்கு அந்த முகம் இல்லை என்பதே குறை.

ஐரோப்பாவில் அதற்குச் சட்டம் செய்திருக்கிறார்கள். அதன்படி 2024 மார்ச் முதல் அங்கே ஆப்பிள் கைப்பேசியில் வேறு அங்காடிகளுக்கும் இடமளிக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் 2012 முதல் போட்டிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதற்கென ஆணையமும் இருக்கிறது. வாசலில் அநியாயம் கண்டால் தனியாளாகப் புலம்பாமல், சங்கத்தின் மூலம் எழுதிக் கேட்பது நம் கடமையாகும்.

5. நாம் செய்யத்தக்கவை

முதலாவது, கதவு அடைத்திருக்கிறது என்று சுவரேறிக் குதிக்கலாகாது. இணைப்பில் வரும் ஏபிகே கோப்பு எதையும் இறக்க வேண்டாம். நம் கடைக் கைப்பேசியில் வங்கியும் இருக்கிறது, டூயிட்நவ் வசூலும் இருக்கிறது. அது கல்லாப்பெட்டியின் சாவிக்குச் சமம்.

இரண்டாவது, இணையப் பக்கங்களுக்கு முறையான வழி உண்டு. ஆண்ட்ராய்டில் பயர்பாக்ஸ் உலாவியில் யுபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பானைச் சேர்க்கலாம். ஆப்பிளில் சஃபாரிக்கான தடுப்பான்கள் அங்காடியிலேயே கிடைக்கும்.

மூன்றாவது, 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், கைப்பேசியின் அமைப்புகளுக்குள் தனிப்பட்ட டிஎன்எஸ் என்றோர் இடம் இருக்கிறது. டிஎன்எஸ் என்பது இணையத்தின் முகவரிப் புத்தகம். விளம்பர முகவரிகளை நீக்கிய நம்பகமான புத்தகமொன்றை அங்கே குறித்தால், தனிச் செயலி இல்லாமலே பல செயலிகளில் விளம்பரம் குறையும். யூடியூப் போலப் பாட்டும் விளம்பரமும் ஒரே இடத்திலிருந்து வந்தால் இது பலிக்காது. விவரமறிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வது உத்தமம்.

நான்காவது, கூகுள் கணக்கிலுள்ள விளம்பர அமைப்பில் மது, சூதாட்டம் முதலானவற்றின் விளம்பரத்தைக் குறைக்கும்படி கேட்கலாம். அறவே நிற்கும் என்று நம்பிவிட வேண்டாம். குறைந்தாலும் பிள்ளைகளுக்கு நன்மையே.

ஐந்தாவது, தினமும் பயன்படுத்தும் செயலியை, முக்கியமாகக் குர்ஆன் ஓதவும் தொழுகை நேரம் பார்க்கவும் வைத்திருப்பதை, விளம்பரமில்லாமல் காசுக்குத் தருவார்களானால் காசு கொடுத்தே வாங்குவோம். செய்தவனுக்குக் கூலியும் சேரும். நம் வீட்டுக்குள் வேண்டாத படமும் வராது.

ஆறாவது, பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒரு நாளைக்கூட வீணாக்கலாகாது. உடனே வங்கியையும், 2022 அக்டோபரில் ஆரம்பித்த தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணையும் அழைக்க வேண்டும்; போலீசிலும் புகார் எழுத வேண்டும். அந்த மூதாட்டி நம்மிடம் சொல்லவே நான்கு நாளாயிற்று. அதற்குள் பணம் கைமாறிவிட்டது.

சகோதரர்களே! தோட்டத்து மக்கள் நம்மிடம் அரிசியும் பருப்பும் மட்டும் வாங்குவதில்லை. யோசனையும் கேட்டுப் போகிறார்கள். கெட்டுப்போன சரக்கைத் தெரிந்து விற்கமாட்டோம் என்கிற நாம், தெரியாத யோசனையையும் விற்காதிருப்போமாக. அந்த அம்மாளின் பற்றுக் கணக்கில் நம்மால் இயன்றதைக் கழித்துவிட்டோம். அவருடைய கைப்பேசியில் மேற்சொன்னவற்றை நம் கடைப் பையனை வைத்துச் செய்தும் கொடுத்தோம். பாட்டு வருகிறது. விளம்பரம் எப்போதாவது வருகிறது. வந்தால் “பாய், இது தொடலாமா?” என்று கேட்டுவிட்டே தொடுகிறார்.

வஸ்ஸலாம்.