கன்றுக்குக் கயிறும் குறியும்

நீலகிரி ஜில்லாவில் தேயிலையும் மலைக் காய்கறியும் பயிரிடும் குடும்பங்கள் பலவற்றுக்குக் கொட்டிலில் நிற்கும் ஒன்றிரண்டு கறவை மாடுகள் பெருந்துணையாகும். அம்மாடுகளின் எதிர்காலம் கன்றுகளிடத்தே அடங்கியுள்ளது. கன்றுக்கு உரிய வயதில் தடுப்பூசி போடவேண்டும், அடையாளம் இடவேண்டும், அதனைப் பதிவேட்டில் எழுதவேண்டும். இவற்றுள் எதைச் செய்வதற்கும் கன்றைப் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் நிறுத்தியாதல் வேண்டும். பிடிக்கும் முறை தவறினால் கழுத்து இறுகியோ, கால் முறிந்தோ, சரிவில் உருண்டோ கன்று மாள்வதுண்டு. ஆகவே, கயிற்றைக் கையாளும் முறையையும் குறியிடும் முறையையும் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் கற்றிருத்தல் நலம்.

குறி எதற்கு?

பலருடைய மாடுகள் ஒரே புல்வெளியில் கலந்து மேயும் இடமெங்கும் குறியிடும் வழக்கம் தொன்றுதொட்டு உண்டு. பசுக்கள் பிரிந்தாலும் கலந்தாலும் உடையவன் அவற்றை அறிவான். கன்றோ தாயை விட்டுப் பிரிந்தபின் யாருடையது என்று துணிதல் அரிது. தாயின் பின்னே செல்லும் பருவத்திலேயே அதற்கு அடையாளம் இட்டுவிட்டால் பின்னால் வழக்கு எழாது. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் கன்று பிறந்து ஓரிரு மாதங்களுக்குள் குறியிடவேண்டும் என விதித்திருப்பதன் கருத்தும் இதுவேயாம்.

இக்காலத்தில் உடைமையை நாட்டுவதோடு குறியின் பயன் முடிவதில்லை. 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இந்திய சர்க்கார் தொடங்கிய தேசீயக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி, காணைநோய் என்னும் கோமாரிக்கும், கன்றுவீச்சு நோய்க்கும் தடுப்பூசி போடப்படுகிறது. ஊசி போட்ட விவரம் மாட்டின் காதிலுள்ள 12 இலக்க எண்ணின் பேரிலேயே பதிவாகும். கன்றுவீச்சு நோய் கண்ட பசு கருவை முதிராமுன் இழக்கும். காய்ச்சாத பாலின் வழியாக அந்நோய் மனிதரையும் பற்றும். இதற்குரிய ஊசி நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒரு முறை போடப்படுவது. அந்த நான்கு மாத காலம் கடந்துவிட்டால் தவறிய வாய்ப்பு மீண்டும் கிடைப்பதில்லை. கன்று பிடிபடவில்லை என்று அதனை விட்டுவிடும் குடியானவர் தம் கொட்டிலுக்கு மட்டுமன்றி அண்டை வீட்டாருக்கும் தீங்கு தேடியவராவர். மாடு இறந்தபோது இன்ஷ்யூரன்ஸ் தொகை கோருவதற்கும் காதிலுள்ள எண்ணே ஆதாரமாகும்.

சமவெளிப் பண்ணைகளில் கயிறு வீசுதல்

கயிறு எறிந்து கன்று பிடிக்கும் தொழிலில் பேர்போனவர் அமெரிக்கக் கண்டத்து மாட்டுப்பண்ணையாட்கள். ஸ்பானியர் மெக்ஸிகோ நாட்டிற்குக் கொண்டுசென்ற இக்கலை அங்கிருந்து டெக்ஸாஸ், கலிபோர்னியா முதலிய நாடுகளுக்குப் பரவிற்று. லாஸோ, லாரியட் என்னும் பெயர்கள் இரண்டும் ஸ்பானியச் சொற்களின் வழி வந்தவையே. வேலியில்லாப் பரந்த வெளியில் பல்லாயிரம் மாடுகள் மேய்ந்தன, ஆட்களோ சிலர். ஆதலால் குதிரைமேல் இருந்தபடியே சுருக்குக் கயிற்றை வீசிக் கன்றின் பின்கால்களைப் பிணித்து, மறுமுனையைச் சேணத்தின் கொம்பிற் சுற்றி, சூட்டுக்கோல் காயும் நெருப்பண்டை இழுத்து வருவர். பெரிய மாடாயின் ஒருவர் தலையையும் மற்றொருவர் பின்கால்களையும் பிடிப்பர்.

இதிற் கவனிக்கத்தக்கது வீச்சின் அழகன்று. கயிற்றைச் சேணக் கொம்பில் முடிச்சிடாமல் சுற்றி வைப்பதால், வேண்டியபோது இறுக்கவும் வேண்டியபோது நழுவவிடவும் முடிகிறது. கயிறு சட்டென்று விறைக்காமல் படிப்படியாக இறுகுவதால் கன்றின் காலும் குதிரையின் முதுகும் அதிர்ச்சி அடைவதில்லை. இறுக்கத் தெரிவதினும் தளர்த்தத் தெரிவதே கயிற்றாளியின் திறமையாகும்.

மலைநாட்டின் நிலை

நீலகிரியில் அத்தகைய வெளியும் குதிரையும் இல்லை. தேயிலைச் சரிவிலும் ஓடைக் கரையிலும் ஓடும் கன்றின்மேல் சுருக்கு எறிந்தால், அது பள்ளத்தை நோக்கிப் பாயும். கயிறு பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு போகும். எனவே கயிறு வீசும் வித்தை இம்மலைக்கு உதவாது.

இம்மலையின் பழங்குடிகளாகிய தோடரின் பழக்கம் இங்கு நினைக்கத்தக்கது. தோடரின் ஈமச் சடங்கில் இளைஞர் எருமை மந்தையினுட் புகுந்து வெறுங்கையால் கொம்பைப் பற்றி எருமையை அடக்கும் செய்தியை டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்னும் அறிஞர் 1906-இல் வெளியான தம் நூலில் விவரித்துள்ளார். அது சடங்கிற்குரிய வீரச்செயல். அன்றாட வளர்ப்புக்கு உரியதன்று. அன்றாட வாழ்விலோ தோடர் தம் எருமைகளுக்குத் தனித்தனியே பெயர் வைத்துப் பழகுகின்றனர். ஆளை அறிந்த விலங்கைத் துரத்திப் பிடிக்கவேண்டிய அவசியம் குறைவு. சிறு கொட்டிலில் ஒன்றிரண்டு கன்று வளர்ப்போருக்கு ஏற்ற வழி இதுவே: கன்றை முன்னரே பழக்குதல், பின்பு கயிறிடுதல்.

கயிறும் முடிச்சும்

கயிறு பருத்தி நூலால் முறுக்கியதாய், கைவிரற் பருமனில், மிருதுவாக இருத்தல் வேண்டும். மெல்லிய நைலான் கயிறு கன்றின் தோலை அறுக்கும். பிடிப்பவரின் உள்ளங்கையையும் பொசுக்கும். மழையில் நனைந்த கயிற்றில் முடிச்சு இறுகி அவிழாது நிற்குமாதலால், பயன்படுத்தியபின் கயிற்றை உலர்த்திப் பரண்மேல் வைக்கவேண்டும். பிடிகயிறு 10 அடியும், படுக்கவைக்கும் கயிறு 25 அடியும் இருந்தால் கன்றுக்குப் போதும்.

கழுத்தில் ஒருபோதும் இறுகும் சுருக்கு இடலாகாது. இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு மூச்சை அடைத்துவிடும். இறுகாத கண்ணி இடும் விதமாவது: கயிற்றின் நுனியிலிருந்து மூன்று அடி தள்ளி, நீளப்பகுதி அடியிலிருக்குமாறு ஒரு சிறு வளையம் செய்க. நுனியைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அவ்வளையத்தினுள் கீழிருந்து மேலே செலுத்துக. பின்பு கயிற்றின் நீளப்பகுதிக்குப் பின்புறமாகச் சுற்றி, அதே வளையத்தினுள் மேலிருந்து கீழே விட்டு இறுக்குக. கண்ணி எவ்வளவு இழுத்தாலும் சிறுகாது. வேலை முடிந்தபின் எளிதில் அவிழும். கப்பல் மாலுமிகள் நெடுங்காலமாகக் கையாளும் முடிச்சு இது. கண்ணிக்கும் கழுத்துக்கும் இடையே நான்கு விரல் புகும் இடம் இருக்கவேண்டும்.

கம்பத்தில் கட்டும்போது நுனியை முழுதும் இழுத்து முடியாமல், மடித்த கயிற்றைச் செருகி உருவுமுடிச்சாக இடவேண்டும். கன்று விழுந்துவிட்டால் நுனியை ஒரே இழுப்பில் உருவி விடுவிக்கலாம்.

பழக்கும் முறை

பிறந்த முதல் வாரத்திலிருந்தே கன்றின் கழுத்து, காது, கால் ஆகியவற்றை நாள்தோறும் தடவிப் பழக்கவேண்டும். காது தொடப்பட்டுப் பழகிய கன்று பின்னர் காதுவில்லை பொருத்தும்போது அதிகம் மிரளாது. ஒரு மாதம் ஆனபின், மூக்கின் மேலும் காதுகளின் பின்னும் செல்லும் தலைக்கயிறு இட்டு, உறுதியான கம்பத்தில் கன்றின் மார்பு உயரத்தில் கால் மணி நேரம் கட்டிவைக்கலாம். அந்நேரம் ஒருவர் அருகிலேயே இருத்தல் வேண்டும். அசையும் வேலிக்காலிலோ தேயிலைச் செடியிலோ கட்டலாகாது.

நடத்திப் பழக்கும்போது ஒரு விதியை மறவாதிருத்தல் வேண்டும். கன்று இழுத்தால் பிடியை விடாது நிற்க வேண்டும். அது ஓரடி முன்வைத்த அக்கணமே கயிற்றைத் தளர்த்த வேண்டும். இணங்கினால் கயிறு இலேசாகும் என்பதைக் கன்று சில நாட்களில் அறிந்துகொள்ளும். இழுத்தபோது விட்டுவிட்டால், இழுத்தால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும். பெரிய பண்ணையாள் குதிரைமேல் செய்வதும் சிறு குடியானவர் கொட்டிலிற் செய்வதும் இவ்வகையில் ஒன்றே.

கன்றைப் படுக்கவைத்தல்

ஊசி போடுவதற்கும் காதுவில்லை பொருத்துவதற்கும் கன்றைப் படுக்கவைக்க வேண்டுவதில்லை. தலைக்கயிற்றைக் கம்பத்தோடு குறுகக் கட்டி, ஒருவர் தலையையும் மற்றொருவர் பின்பக்கத்தையும் சுவரோடு அணைத்துப் பிடித்தால் போதும். காயத்திற்கு மருந்திடுதல் போன்ற வேலைகளுக்கே படுக்கவைத்தல் வேண்டும்.

அதற்கு ஈரமில்லாத சமதரையில் வைக்கோலைப் பரப்புக. வயிறு நிறையப் பாலோ தீனியோ உண்ட உடனே இதனைச் செய்யலாகாது. முன் சொன்ன இறுகாத கண்ணியைக் கழுத்தின் அடியில் இட்டுக் கயிற்றை முதுகின்மேல் கொண்டுசெல்க. முன்கால்களுக்குப் பின்னே நெஞ்சைச் சுற்றி முதுகில் தன்னடியிற் புகுத்தி ஒரு வளையமும், பின்கால்களுக்கு முன்னே வயிற்றைச் சுற்றி அவ்வாறே மற்றொரு வளையமும் செய்க. ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் கயிற்றை நேர் பின்னாகச் சீராக இழுத்தால், கன்று கால் மடங்கித் தானே படுக்கும். வெடுக்கென்று இழுத்தல் தகாது. காளைக்கன்றாயின் வயிற்றுக் கயிறு மூத்திரத் துவாரத்தை அழுத்தாதவாறு காக்கவேண்டும். சினைமாட்டை இவ்விதம் படுக்கவைத்தல் கூடாது. அசைபோடும் பிராணிகள் நெடுநேரம் பக்கவாட்டிற் கிடந்தால் வயிறு உப்பும். ஆகையால் வேலையைச் சில நிமிஷங்களில் முடித்து எழுப்பிவிடவேண்டும்.

சூடோ, காதுவில்லையோ?

நல்ல மாட்டுக்கு ஒரு சூடு என்னும் பழமொழி சூடுபோடும் வழக்கம் தமிழ்நாட்டில் எவ்வளவு வேரூன்றியது என்பதைக் காட்டும். ஆயினும் காய்ச்சிய இரும்பு தோலின் அடிவரை சுட்டு வடுவாக்குவது. கன்று பல நாள் வருந்தும்; மழைக்காலத்தில் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களின் தோல் வியாபாரத்தில் வடுப்பட்ட தோலுக்கு விலை குறையும். நோய் தீரச் சூடுபோடுவதோ நோயைத் தீர்ப்பதில்லை. சிகிச்சைக்குரிய நேரத்தையே போக்கும். 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும் விதிக்கப்பட்ட முறையில் அன்றிக் குறிசுடுதலுக்கு இடந்தரவில்லை.

1966-இல் அமெரிக்க நாட்டில் கீத் ஃபாரல் என்னும் அறிஞர் குளிர்க்குறி முறையைக் கண்டார். சினை ஊசிக் குப்பிகளை வைக்கும் கலத்திலுள்ள அதே திரவ நைட்ரஜன், பூஜ்யத்திற்குக் கீழ் 196 டிகிரி குளிருடையது. அதில் தோய்த்த உலோக அச்சைத் தோலில் அழுத்தினால் மயிரின் நிறத்தைத் தரும் அணுக்கள் அழிந்து, பின்னர் அவ்விடத்தில் வெண்மயிர் முளைக்கும். கறுத்த மாட்டில் இது தெளிவாய்த் தெரியும். வெளுத்த மாட்டிற் தெரிவதரிது. இதற்குப் பயின்ற ஆளும் உபகரணமும் வேண்டும்.

சிறு குடியானவருக்கு இப்போது ஏற்றது காதுவில்லையே. காதின் நடுப்பகுதியில், நரம்புகளுக்கு இடையே, தூய்மை செய்த கருவியால் பயின்றவர் பொருத்தவேண்டும். பின்னர் பத்து நாட்கள் புண் ஆறுகிறதா என்று பார்த்துவரவேண்டும். வில்லை அறுந்து விழுந்தால் தாமதமின்றிக் கால்நடை மருந்தகத்திற்கு அறிவித்து மாற்றிக்கொள்ளவேண்டும்.

சங்கம் செய்யத்தக்கவை

தனித்தனியே எல்லோரும் எல்லாம் வாங்கவேண்டுவதில்லை. நல்ல பருத்திக் கயிறு இரண்டு, தலைக்கயிறு சில, உறுதியான கம்பம் நட்ட ஒரு சமதரை ஆகியவற்றைச் சங்கம் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதத்திற்கு ஒரு நாள் குறித்து, கால்நடை மருத்துவரை அழைத்து, நான்கு மாதம் நிறைந்த கன்றுகளை ஒருங்கே கொணரலாம். கன்று பிறந்த தேதி, தாயின் எண், கன்றின் எண், ஊசி போட்ட நாள் ஆகிய நான்கையும் ஒரே ஏட்டில் எழுதிவரலாம். எந்தக் கிடேரி எட்டாம் மாதத்தை நெருங்குகிறது என்பதை அவ்வேடே காட்டிவிடும். கயிறு பிடிக்க நன்கறிந்த அங்கத்தினர் இருவர், ஏனைய வீட்டு இளைஞருக்கும் பெண்டிருக்கும் அந்நாளிலேயே கற்பிக்கலாம். கன்றுடன் நாள் முழுதும் பழகுவோர் அவர்களே.

கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. சங்க எல்லையில் நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகள் எத்தனை? அவற்றுள் ஊசி போடப்பட்டவை எத்தனை?

2. இறுகும் சுருக்கு இட்டுக் கன்று கட்டும் வழக்கம் எந்தக் கொட்டில்களில் உள்ளது? அதனை மாற்றும் பொறுப்பை யார் ஏற்பர்?

3. காதுவில்லை விழுந்த மாடுகள் உளவா? அவற்றின் இன்ஷ்யூரன்ஸ் எந்நிலையில் உள்ளது?

4. மழைக்காலம் தொடங்குமுன் குறியிடும் நாளை எந்தத் தேதியில் வைக்கலாம்?