வாக்குத்தத்த வசனத்தை முழு அதிகாரத்தோடு வாசிப்பது எப்படி?

புத்தாண்டு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையை நம்மில் பலர் ஆண்டு முழுவதும் வேதாகமத்துக்குள் வைத்துப் பாதுகாக்கிறோம். அந்த அட்டைகளிலும் கிறிஸ்தவ நாட்காட்டிகளிலும் அடிக்கடி இடம்பெறும் வசனம் எரேமியா 29:11. கர்த்தர் தம் மக்களுக்கு நன்மையையே நினைக்கிறார், அவர்களுக்கு நம்பிக்கையான எதிர்காலம் உண்டு என்பது அதன் சாரம். தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்கும், வேலை தேடும் இளைஞருக்கும், மருத்துவமனையில் படுத்திருப்பவருக்கும் இதைச் சொல்லித் தேற்றுகிறோம். அதற்கு முந்திய பத்து வசனங்களையும் சேர்த்து வாசித்தால் ஆறுதல் இன்னும் ஆழமாகும். நாம் செய்யவேண்டியதும் தெரியவரும். இந்த ஒரு பகுதியை வைத்தே, எந்த வேதப்பகுதியையும் புரிந்துகொண்டு வாழ்வில் கைக்கொள்ளும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. ஜெபித்து, முழுப் பகுதியையும் வாசியுங்கள்

எரேமியா எழுதியபோது அதிகார எண்ணும் இல்லை, வசன எண்ணும் இல்லை. இன்று நாம் காணும் அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டிலும், வசன எண்கள் 16ஆம் நூற்றாண்டிலும் நிலைபெற்றவை. எண்கள் தேடி எடுக்க உதவும். பொருளோ தொடர்ச்சியில் இருக்கிறது. ஆகவே 28, 29 ஆகிய இரு அதிகாரங்களையும் ஒரே அமர்வில் வாசியுங்கள். முதல்முறை நிறுத்தாமல், இரண்டாம் முறை நிதானமாக, மூன்றாம் முறை கையில் பென்சிலோடு. பழைய திருப்புதலை வாசித்துப் பழகியவர்கள், ஒரு முறையாவது 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலும் வாசித்துப் பாருங்கள். பழகிய கண்ணுக்குத் தப்பியது அப்போது தென்படும்.

2. யார், யாருக்கு, எப்போது?

இந்த மூன்று கேள்விகளுக்கும் பெரும்பாலும் அந்தப் பகுதியிலேயே விடை கிடைக்கும். 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். எழுதியவர் எருசலேமில் இருக்கும் எரேமியா. பெறுகிறவர்கள் கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் சென்ற மூப்பர்களும் ஆசாரியர்களும் மக்களும். சிதேக்கியா ராஜா பாபிலோனுக்கு அனுப்பிய தூதர்கள் கையில் கடிதம் போகிறது.

முந்திய அதிகாரத்தில் அனனியா என்பவன் எழும்பி, இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று முழங்குகிறான். பாபிலோனின் ஆளுகைக்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். மக்கள் கேட்க விரும்பியது அனனியாவின் சொல்லைத்தான். எரேமியா எழுதியதோ 70 ஆண்டுகள் என்று.

3. எந்த வகை எழுத்து?

சங்கீதம் ஜெபமாகவும் பாடலாகவும் பேசும். உவமை கதையின் வழியே உண்மையை உணர்த்தும். நிருபம் ஒரு சபையின் சிக்கலுக்கு விடை சொல்லும். எல்லாவற்றையும் ஒரே விதமாக வாசிக்கக் கூடாது. நீதிமொழிகள் 22:6 பிள்ளை வளர்ப்பைப் பற்றிய ஞானமொழி. அதை உறுதிப்பத்திரம்போல் எடுத்துக்கொண்டு, வழிதவறிய மகனின் பெற்றோரைக் குற்றவாளிகளாக்குவது அநியாயம். எரேமியா 29 தீர்க்கதரிசி எழுதிய கடிதம். அதில் கட்டளையும் வாக்குத்தத்தமும் கலந்திருக்கின்றன.

4. கட்டளையையும் வாக்குத்தத்தத்தையும் பிரித்து எழுதுங்கள்

ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் கட்டளைகள்: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், திருமணம் செய்து பிள்ளைகளைப் பெறுங்கள், உங்களைக் கொண்டுபோய் வைத்த பட்டணத்தின் நலனைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள், பொய்யாகத் தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களிடம் ஏமாறாதிருங்கள். வலப்பக்கம் வாக்குத்தத்தங்கள்: 70 ஆண்டு முடிந்ததும் சந்திப்பேன், திரும்பக் கொண்டுவருவேன், முழு இருதயத்தோடு தேடினால் காண்பீர்கள். 11ஆம் வசனம் இவற்றோடு பிணைந்து நிற்பது அப்போது தெளிவாகும்.

5. முதலில் கேட்டவர்களின் இடத்தில் நில்லுங்கள்

கடிதம் வாசிக்கப்பட்டபோது நாற்பது வயதில் இருந்தவர் மீண்டும் எருசலேமைப் பார்த்திருக்க வழியில்லை. எதிர்காலம் உண்டு என்ற வார்த்தை அவருடைய பேரப்பிள்ளைகளின் காலத்தில்தான் நிறைவேறும். அவர் செய்யவேண்டியது, தன்னைச் சிறைபிடித்துக் கொண்டுவந்த பகைவரின் பட்டணத்துக்காக ஜெபிப்பது. இந்தப் பாரத்தை உணராமல் இந்த வசனத்தின் ஆறுதலை உணர முடியாது.

6. வேதத்தை வேதத்தோடு ஒப்பிடுங்கள்

ஒத்துவாக்கியங்களைத் தேடுங்கள். தானியேல் 9இல் தானியேல் இந்த 70 ஆண்டுக் கணக்கை வாசித்து அறிகிறார். அறிந்தவுடன் உபவாசித்து, தன் மக்களின் பாவத்தை அறிக்கையிட்டு ஜெபிக்கிறார். கி.மு. 539இல் பாபிலோன் பெர்சியரிடம் விழுந்தபின், யூதர் திரும்பிப் போகலாம் என்று பெர்சிய ராஜா கோரேசு கட்டளையிட்டதை எஸ்றா 1 சொல்கிறது. தேவனுடைய வாக்குத்தத்தங்கள் கிறிஸ்துவில் உறுதிப்படுகின்றன என்று 2 கொரிந்தியர் 1:20இல் பவுல் எழுதுகிறார். சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு வந்த வார்த்தை கிறிஸ்துவின் வழியாகவே நமக்கும் உரியதாகிறது.

7. ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

காலத்துக்கும் இடத்துக்கும் அப்பால் நிற்கும் சத்தியம் எது? நாமே தேர்ந்துகொள்ளாத இடத்திலும் தேவன் நம்மைக் கைவிடுவதில்லை. அவர் குறித்த காலம்வரை அங்கேயே உண்மையாய் வாழ்ந்து பிறருக்கு நன்மை செய்யச் சொல்கிறார். உங்கள் வாக்கியத்துக்குப் பகுதியிலேயே ஆதாரம் காட்ட முடியவில்லை என்றால், திரும்ப நான்காம் படிக்குப் போங்கள்.

8. இந்த வாரம் செய்யும் ஒரு செயலாக்குங்கள்

"இன்னும் விசுவாசத்தோடு இருப்பேன்" என்று எழுதினால் போதாது. யாருக்கு, என்ன, எப்போது என்று எழுதுங்கள். வேண்டாத ஊருக்கு மாற்றலாகிப் போன ஆசிரியை, அடுத்த மாற்றல் வரட்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்காமல், சனிக்கிழமை மாலை பின்தங்கிய நான்கு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரலாம். வளைகுடாவில் வேலை செய்கிறவர், உடன் தங்கியிருப்பவர்களின் பெயரைச் சொல்லி நாள்தோறும் ஜெபித்து, காய்ச்சலில் படுத்தவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கலாம். தோட்டம் போடுங்கள் என்ற கட்டளை நம் காலத்தில் இப்படித்தான் கைகால் பெறுகிறது.

9. சபையோடு பகிர்ந்து சோதித்துப் பாருங்கள்

தனியாக வாசிக்கும்போது நம் ஆசைகளையே தேவசித்தமாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. அறிந்துகொண்டதை வேதபாட வகுப்பிலோ ஜெபக் குழுவிலோ சொல்லுங்கள், போதகரிடம் கேளுங்கள். இரண்டு ஆண்டில் எல்லாம் சரியாகும் என்று அனனியாவைப்போல் யார் சொன்னாலும், அதையும் இதே முறையில் நிதானித்துப் பாருங்கள்.

வசனம் எழுதிய அட்டையை எடுத்துவிட வேண்டாம். அதன் பின்பக்கத்தில் 5, 6, 7, 10 என்ற எண்களையும் எழுதி வையுங்கள். இன்று இரவு குடும்ப ஜெபத்தில் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்து, நாளை யாருக்கு என்ன நன்மை செய்யப்போகிறோம் என்று வீட்டில் ஒவ்வொருவரும் சொல்லுங்கள்.