மேட்டூர் பூங்காவில் கை பட்ட இடங்களைப் படமெடுக்க

தொப்பூரில் பஸ் ஏறினால் மேச்சேரி வழியாக ஒரு மணி நேரத்துக்குள் மேட்டூர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு பிடதி வொண்டர்லா எல்லாம் பிற்பாடு வந்தது. ஊஞ்சல், சறுக்கு, மான், பாம்பு என்று முதன்முதலில் கண்ணில் பட்டதெல்லாம் அணைக்கு அடியில் இருக்கும் அந்தப் பூங்காவில்தான். காவிரியில் குளியல், அணைக்கட்டு முனியப்பனுக்குக் கும்பிடு, வறுத்த மீன், பிறகு மர நிழலில் சாப்பாட்டு மூட்டையைப் பிரிப்பது. இந்த வரிசை எங்கள் வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறையாக மாறவில்லை. ஊர்ப் பேரைத் தாங்கிய தொப்பையாறுகூட அணையின் நீர்த்தேக்கத்தில்தான் போய்ச் சேர்கிறது.

ஆனால் போய் வந்தவர்களின் போனை வாங்கிப் பாருங்கள். நூறு படம் இருந்தால் தொண்ணூறில் பின்னால் அணை, முன்னால் ஆட்கள். அணை ஏறக்குறைய 5,300 அடி நீளம். 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடித்தது. போனுக்குள் அது ஒரு சாம்பல் நிறக் கோடாகத்தான் விழும். அந்தக் கோட்டை நம்மைவிட நன்றாக எடுத்த படங்கள் ஏற்கெனவே ஏராளமாக இருக்கின்றன. பூங்காவின் சின்னச் சின்னப் பொருள்களை எடுத்தவர்கள்தான் இல்லை. அவற்றை எடுப்பது எப்படி என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. தனிக் கேமரா வேண்டாம், கையில் இருக்கும் போன் போதும்.

முதலில் எதை எடுப்பது என்பதை முடிவு செய்யுங்கள். நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: மனிதக் கை, கால், முதுகு பட்டுப்பட்டு மாறிப்போன இடமாக இருக்க வேண்டும். ஊஞ்சல் சங்கிலியில் பிள்ளைகள் பிடிக்கும் உயரத்தில் மட்டும் துரு ஏறாமல் பளபளக்கும் வளையங்கள். சறுக்கின் நடுவில் டவுசர் தேய்த்துத் தேய்த்து வெளுத்த தடம். சிமெண்ட் பெஞ்சின் ஓரத்தில் பெயிண்ட் பெயர்ந்து, பழைய பச்சைக்கு அடியில் அதற்கும் பழைய நீலம் தெரியும் இடம். ஆற்றிலிருந்து ஈரத்தோடு வந்தவர்கள் நடைபாதையில் விட்டுப்போன காலடிகள். பாம்புப் பண்ணைக் கண்ணாடியில் குழந்தைகள் மூக்கை அழுத்திய வட்டங்கள். பூவையும் பட்டாம்பூச்சியையும் விட்டுவிடுங்கள். அவற்றை எந்த ஊரிலும் எடுக்கலாம். சங்கிலியின் அந்த ஒரு முழம் பளபளப்பு அந்த ஊஞ்சலுக்கு மட்டுமே சொந்தம்.

நாள் தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஆடிப்பெருக்கு அன்று கட்டாயம் வேண்டாம். அன்று குளிக்கவும் கும்பிடவும் போங்கள், போனைப் பைக்குள் வையுங்கள். சரியான நேரம் திங்கட்கிழமை காலை. முந்தின நாள் கூட்டம் விட்டுப்போன தடங்கள் கலையாமல் இருக்கும், ஊஞ்சலும் காலியாக இருக்கும்.

லென்ஸைத் துடையுங்கள். மீன் சாப்பிட்ட விரலோடு போனை எடுத்தால் எல்லாப் படமும் பனி மூடினது போல வரும்.

இனி எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். சின்னப் பொருள் என்றதும் போனைக் கொண்டுபோய் அதன் மேலேயே ஒட்டுகிறார்கள். ஒரு சாண் தூரம், அரைச் சாண் தூரம், கடைசியில் நான்கு விரல் தூரம். திரையில் பார்க்கும்போது சரியாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் சங்கிலி மங்கல், பின்னால் இருக்கும் புல் மட்டும் துல்லியம். இது கை நடுக்கத்தால் வருவதில்லை. ஒவ்வொரு லென்ஸுக்கும் ‘இதற்கு மேல் கிட்டே வராதே’ என்று ஒரு தூரம் உண்டு. அதைத் தாண்டினால் எவ்வளவு தட்டினாலும் ஃபோகஸ் பிடிக்காது. புதிய போன்களில் சென்சார் பெரிதாகிக்கொண்டே வருவதால் பலவற்றில் இந்தத் தூரமும் கூடியிருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய போனில் கிட்டத்துப் படம் பழைய போனை விட மோசமாக வருகிறதே என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

சில போன்கள் நாம் கிட்டே போனதும் கேட்காமலே அகன்ற கோண லென்ஸுக்கு மாறி மேக்ரோ படம் எடுக்கத் தொடங்கிவிடும். திரை ஓரத்தில் பூப் போல ஒரு குறி தோன்றும். ஃபோகஸ் கிடைக்கும், ஆனால் பொருளின் வடிவம் கோணும். அதோடு அவ்வளவு கிட்டே போனால் போனின் நிழலே பொருள் மேல் விழுந்து வெளிச்சத்தைத் தின்றுவிடும். விலை குறைந்த பல போன்களில் ‘மேக்ரோ’ என்று தனியாக ஒரு 2 மெகாபிக்சல் லென்ஸ் வைத்திருக்கிறார்கள். அதை மறந்துவிடுங்கள். அது விளம்பரத்துக்கு வைத்தது, உங்களுக்கு உதவாது.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. பின்னால் வாருங்கள். பொருளிலிருந்து ஒரு முழம் தள்ளி நில்லுங்கள். ஜூமை 2 மடங்கில் வையுங்கள், அதற்கு மேல் போக வேண்டாம். 48 அல்லது 50 மெகாபிக்சல் போனாக இருந்தால் 2 மடங்கில் தரம் பெரிதாகக் குறையாது. 5, 10 என்று இழுத்தால் பெயிண்ட் பெயர்ந்த விளிம்பெல்லாம் குழம்பிவிடும். பிறகு எந்த வளையம் துல்லியமாக வேண்டுமோ அதன் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் ஃபோகஸ் அங்கே பூட்டிக்கொள்ளும். இப்போது போனை முன்னும் பின்னும் அசைக்காமல், முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டுவிட்டு எடுங்கள். பெஞ்சில் முழங்கை ஊன்ற முடிந்தால் இன்னும் நல்லது. ஒன்று எடுத்ததும் நகராதீர்கள். திரையில் அந்தப் படத்தை முழுதாகப் பெரிதாக்கி, வேண்டிய இடம் துல்லியமா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். ‘வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இருப்பதில்லை. வீட்டில் ஊஞ்சல் இல்லை.

விரலை அழுத்தியதும் திரையில் சூரியன் போன்ற ஒரு குறியோ சிறு பட்டையோ வரும். அதைக் கொஞ்சம் கீழே இழுங்கள். பூங்காச் சாமான்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் அடித்திருப்பார்கள். வெயிலில் போன் அவற்றைத் தீயாக எரித்துவிடும், பெயிண்டின் விரிசல் தெரியாது. சற்று இருட்டாக எடுத்தால்தான் தேய்மானம் தெரியும். வெளிச்சத்தை வீட்டில் கூட்டிக்கொள்ளலாம். எரிந்துபோன சிவப்பை மீட்க வழியே இல்லை.

ஃபோகஸுக்கு அடுத்தது வெளிச்சம். ‘காலையும் மாலையும்தான் நல்ல வெளிச்சம்’ என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. தேய்மானம், கீறல், பள்ளம் இவையெல்லாம் தெரிய வேண்டுமானால் வெயில் அந்தப் பரப்பை உரசிக்கொண்டு போக வேண்டும், நேராக விழக் கூடாது. காலை வெயில் சாய்ந்து வருவதால் தரை, பெஞ்சின் மேல்பக்கம், படிக்கட்டு ஆகியவற்றை உரசும். அதே வெயில் கிழக்கே பார்த்த சுவரில் நேராக மோதி அதைத் தட்டையாக்கிவிடும். நடுப்பகலில் எல்லாம் தலைகீழ்: தரை தட்டையாகும், சுவர், பெயர்ப்பலகை, மரத்தின் அடிப்பட்டை, தூண் இவற்றின் மேல் வெயில் மேலிருந்து கீழாக உரசி இறங்கும், ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல் கிடைக்கும். ஆகவே காலையில் படுத்திருக்கும் பொருள்களை எடுங்கள், உச்சி வெயிலில் நிற்கும் பொருள்களை எடுங்கள். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போனைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டிய அவசியமே இல்லை.

மாலையை நம்பாதீர்கள். அணை இரண்டு மலைகளுக்கு நடுவே இருக்கிறது, பாலமலையும் சீதாமலையும். மேற்கே மலை இருக்கும் ஊரில் வெயில் சமவெளியை விடச் சீக்கிரம் போய்விடும். ஃப்ளாஷ் போடவே போடாதீர்கள். பாம்புப் பண்ணையில் அது விலங்குக்கும் தொந்தரவு, கண்ணாடியில் வெள்ளைப் பொட்டாகவும் விழும். கண்ணாடிக்கு உள்ளே இருப்பதை எடுக்க லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், பிரதிபலிப்பு போய்விடும். கண்ணாடியில் இருக்கும் மூக்குத் தடமே வேண்டும் என்றால் பக்கவாட்டில் நின்று, பின்னால் இருட்டாக இருக்கும்படி எடுங்கள். மர நிழலில் இருக்கும் பொருளுக்கு வெளிச்சம் போதவில்லை என்றால் கூட வந்தவரை வெள்ளைத் துண்டை விரித்துப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். நூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் விற்கும் விளக்குகளை விட அது நன்றாகவே வேலை செய்யும்.

உயரம் அடுத்த விஷயம். நின்றபடி எடுத்தால் பெரியவரின் கண்ணுக்குத் தெரியும் பூங்காதான் வரும். குந்துங்கள், தேவைப்பட்டால் புல்லில் படுங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் எகிள்ஸ்டன் 1970 வாக்கில் மெம்பிஸ் நகரில் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளைத் தரைமட்டத்தில் கேமராவை வைத்து எடுத்தார். அந்தச் சின்னச் சைக்கிள் பின்னால் இருக்கும் வீட்டை விடப் பெரிதாக நிற்கும். 1976-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய வண்ணப் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது வெளியிட்ட புத்தகத்தின் அட்டையில் வந்தது அதுதான். சறுக்கின் கடைசிப் படியை, அதில் ஏறக் காத்திருக்கும் குழந்தையின் முழங்கால் உயரத்திலிருந்து எடுத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

அப்புறம், படத்தில் ஒரு மூலையில் ஊர் தெரிய வேண்டும். வெறும் சங்கிலி எந்தப் பூங்காவிலும் இருக்கும். சங்கிலிக்குப் பின்னால் மங்கலாகவாவது அணைச் சுவரின் ஒரு துண்டோ, மலையின் ஓரமோ, மீன் கடையின் புகையோ வரும்படி ஓரடி இடமோ வலமோ நகருங்கள். மங்கலாக இருக்கட்டும், தெரிந்தால் போதும். முழு அணையும் வரும்படி பின்னுக்குப் போனால் மறுபடியும் அந்தச் சாம்பல் கோடுதான்.

மனிதர்கள் விஷயத்தில் மூன்று விதி, விதிவிலக்கு கிடையாது. குளிக்கும் துறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் முகம், பெற்றவர் சரி என்று சொல்லாமல் படத்தில் வரக் கூடாது. முனியப்பன் கோயிலில் கும்பிட்டுக்கொண்டிருப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. வெளியே உதிர்ந்து கிடக்கும் மஞ்சளும் குங்குமமும் எலுமிச்சையும் உங்களுக்குப் போதும். மீன் கடையில் முதலில் மீன் வாங்குங்கள். கட்லாவோ ஜிலேபியோ, எது கல்லில் இருக்கிறதோ அது. சாப்பிட்டுக் காசு கொடுத்த பிறகு, “அக்கா, மசால் தடவுற கையை மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாங்க?” என்று கேளுங்கள். கை மட்டும் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அந்தச் சிவப்பு ஏறிய விரல்கள் பூங்காவுக்கு வெளியே இருந்தாலும் பூங்கா நினைவில் பாதி அவைதான். எடுத்ததைக் காட்டிவிட்டு வாருங்கள். அணையின் மேல்பகுதியிலும் மதகுப் பக்கமும் காவலர் வேண்டாம் என்றால் பேச்சே வேண்டாம், திரும்பிவிடுங்கள். நம் படங்களுக்கு அங்கே வேலையும் இல்லை.

எத்தனை படம் எடுப்பது? ஒரு முறைக்கு இருபதுக்கு மேல் வேண்டாம். நூறு எடுக்கிறவர் எதையும் நின்று பார்ப்பதில்லை. வடிகட்டிகள், வண்ணம் கூட்டும் வித்தைகள் எதுவும் வேண்டாம். பெயர்ந்த நீலத்தைப் பளிச்சென்ற நீலமாக்கிவிட்டால் எடுத்ததன் பயன் போய்விட்டது.

இதில் ஒரு அவசரமும் இருக்கிறது. பூங்காவைப் புதுப்பிக்கும்போது முதலில் போவது இந்தத் தடங்கள்தான். ஒரு வாரம் பெயிண்ட் அடித்தால் பல வருடத் தேய்மானம் மறைந்துவிடும். புதுச் சங்கிலி மாட்டினால் பழையது பழைய இரும்புக் கடைக்குப் போகும். அணையோ அங்கேயே நிற்கும். தடங்கள் எப்படித் தொலையும் என்பதற்கு அதன் நீர்த்தேக்கமே சாட்சி. அங்கே தண்ணீர் மிகவும் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய தேவாலயக் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே தெரியும், ஜனம் திரண்டு போய்ப் பார்க்கும். அணை கட்டியபோது காலி செய்த ஊர்களில் கல்லாக இருந்தவை மட்டும் மிஞ்சின. அந்த ஊர்களின் திண்ணைத் தேய்மானமும் கதவுப் பிடிகளும் எப்படி இருந்தன என்று காட்ட நம்மிடம் எதுவும் இல்லை.

ஆகவே எடுத்த படங்களைப் போனிலேயே விட்டுவிடாதீர்கள். நல்லதாக ஐந்தாறைத் தேர்ந்தெடுத்து, தருமபுரியிலோ மேட்டூரிலோ ஒரு ஸ்டூடியோவில் தாளில் போட்டு வாங்குங்கள். பின்பக்கம் மை ஊறாத பேனாவால் தேதி, இடம், எந்தப் பொருள் என்று எழுதுங்கள். அன்றைய செய்தித்தாளைப் பார்த்து மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அது தினமும் வரும், முழு நீர்மட்டம் 120 அடி. நாளைக்கு அந்தப் படத்தைப் பார்க்கும் எங்கள் பக்கத்து ஆள் எவருக்கும், அந்த ஆண்டு நல்ல ஆண்டா காய்ந்த ஆண்டா என்பது அந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடும்.