ஜப்பானிய வண்ணப் பீங்கான்: பழைய தொழிலில் புதிய சரக்கு



ஒரே அளவுள்ள இரண்டு பீங்கான் கிண்ணங்களில் ஒன்றின் விலை மட்டும் பல மடங்கு ஏறுவது ஏன் என்று நம் அங்கத்தினர் சிலர் கேட்பதுண்டு. ஜப்பானின் வண்ணப் பீங்கானைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

எனாமல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஓரத்தில் நீலக்கோடு போட்ட வெள்ளை இரும்புத் தட்டு. இது அதுவல்ல. ஆனால் இரண்டிலும் வேலை செய்வது உருகிப் படியும் கண்ணாடிதான். மண் பாத்திரத்தை ஒரு முறை சுட்டு, மெருகு பூசி 1300 டிகிரி அளவில் மறுபடி சுட்டால் வெள்ளைப் பீங்கான். அதன்மேல் வண்ணக் கண்ணாடித் தூளால் எழுதி, 800 டிகிரி அளவில் மூன்றாம் முறை சுடுகிறார்கள். பச்சைக்குச் செம்பு, சிவப்புக்கு இரும்பு. மூன்று முறை சூளை ஏறும் சரக்கில் மூன்று முறை சேதாரம் உண்டு. விலையில் அதுவும் அடக்கம்.

அரிதா என்ற ஊரில் 1640களில் இந்த வண்ண வேலை தொடங்கியது. டச்சுக் கம்பெனி அதை ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றது. கப்பலேறிய துறைமுகம் இமாரி. சரக்குக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. விளைந்த ஊர் ஒன்று, மண்டியின் பெயர் ஒன்று என்பது நமக்கும் பழக்கமானதுதானே! பக்கத்து ஊரான ஹசாமியின் சரக்கும் வெகுகாலம் அரிதா பெயரிலேயே போயிற்று. 2000ஆம் ஆண்டை ஒட்டி உற்பத்தி ஊரைச் சரியாகக் குறிக்க வேண்டும் என்ற கண்டிப்பு வந்தபின், ஹசாமிக்காரர்கள் சொந்தப் பெயரில் சந்தை தேட வேண்டியதாயிற்று. தேடி வென்றும் விட்டார்கள்.

இனி புதுமைக்கு வருவோம். குதானி வகையில் ஐந்து வண்ணங்கள் மரபு. கறுப்புக் கோட்டில் படம் எழுதி, உள்ளே வண்ணம் நிரப்புவார்கள். மூன்றாம் தொகுதா யாசோகிச்சி (1933–2009) கோட்டையும் படத்தையும் அடியோடு நீக்கிவிட்டார். பாட்டனார் தந்த அதே வண்ணக் கலவைகளைக் கொண்டு, கருநீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகக் கரையும்படி செய்தார். 1997இல் அரசு அவரை 'வாழும் தேசியச் செல்வம்' ஆக்கியது. 2010இல் அவர் மகள் நான்காம் யாசோகிச்சியாகப் பட்டம் ஏற்றார். அரிதாவில் பதினான்காம் இமாஇசுமி இமாஎமோன் வேறு வழி கண்டார். மையால் எழுதிய இடத்தில் வண்ணம் ஒட்டாது. சூளையில் மை எரிந்துபோய் வெள்ளைக் கோடு நிற்கும். இந்தப் பழைய முறையில் பனித்துகள் வடிவங்களை எழுதி, மேலே பிளாட்டின வண்ணமும் சேர்த்தார். 2014இல் அவருக்கும் அதே கௌரவம் கிடைத்தது.

கைத்தொழில் மெச்சத்தக்கது, ஆனால் வியாபாரிக்கு ஒரு சங்கதி முக்கியம். பழைய வண்ணங்கள் எளிதில் உருக ஈயம் சேர்ப்பது வழக்கம். புளிப்பு பட்டால் ஈயம் கசியக்கூடும். ஜப்பான் 2008இல் உணவுப் பாத்திரங்களுக்கான ஈய, காட்மிய அளவை இறுக்கியது. ஈயமில்லாத வண்ணங்களும் புழக்கத்துக்கு வந்தன. பழைய பளபளப்பை அவற்றில் கொண்டுவருவதுதான் தொழிலாளிக்குச் சிரமம்.

ஆகவே உள்பக்கம் வண்ணம் எழுதிய கிண்ணம் எந்த நாட்டுச் சரக்கானாலும், உணவுக்கு ஏற்றது என்ற குறிப்பு பெட்டியில் உள்ளதா என்று பார்த்தே எடுக்க வேண்டும். குறிப்பில்லாததை அலங்காரச் சாமான் என்று சொல்லியே விற்கலாம். ஊறுகாய் போடக் கேட்பவருக்கு, உள்ளே வண்ணமில்லாத சாதாரண ஜாடியை எடுத்துக் கொடுங்கள்.